கொத்தா, பற்றுக்கம்பியா?

குமுளியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெங்களூரில் மகளைப் பார்க்கப் போனவர், ஒரு நாள் விடியற்காலையில் 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலைக்குச் சென்று மேகக் காட்சி பார்த்துவிட்டு, மதியம் அடிவாரத்துத் தோட்டமொன்றில் ஒயின் சுவைத்துத் திரும்பியிருக்கிறார். அங்கே திராட்சைக்கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்தாலும், அதாவது கிளைகளை வெட்டிவிட்டாலும், அறுவடை ஒன்றுதானாம். "எங்கள் மலைக்குக் கீழே கம்பத்தில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறதே, அங்கே மட்டும் ஒரு கவாத்து ஏன் வீணாகிறது?" என்று கேட்கிறார்.

பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுவது பள்ளிப் பாடம். குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி இலையுதிர்த்து உறங்கி வசந்தத்தில் விழிக்கும் என்பதும், அத்தகைய குளிர் இல்லாத நம் ஊரில் அந்த வேலையைக் கவாத்துக் கத்தரி செய்கிறது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். நுனியை வெட்டியதும் அங்கிருந்து இறங்கிவந்து கீழ்க்கண்களை அடக்கிவைத்திருந்த ஆக்சின் என்ற ஹார்மோன் நின்றுபோக, அந்தக் கண்கள், அதாவது தளிர்மொட்டுகள், துளிர்க்கின்றன.

ஆனால் துளிர்க்கும் கண் அந்த நேரத்தில் கொத்தை உண்டாக்குவதில்லை. இலைக்கக்கத்திலுள்ள கண்ணைப் பிளந்து நுண்ணோக்கியில் பார்த்தால், அடுத்த பருவத்துக் கொத்து அதற்குள் ஒரு சிறு புடைப்பாக ஏற்கெனவே அமர்ந்திருக்கும். அந்தப் புடைப்பு தோன்றும்போது அது கொத்தாகுமா, பந்தலைப் பற்றும் பற்றுக்கம்பியாகுமா என்பது முடிவாகியிருப்பதில்லை. இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றே. சைட்டோகைனின் என்ற ஹார்மோன் மிகுந்தால் அது கிளைத்துக் கிளைத்துக் கொத்தாகிறது, ஜிப்ரலின் என்ற மற்றொரு ஹார்மோன் மிகுந்தால் பற்றுக்கம்பியாகிறது. கண் உருவாகும் வாரங்களில் நல்ல வெயில் விழுந்தால் கொத்தின் பக்கமும், நிழலும் மேகமூட்டமும் நீடித்தால் பற்றுக்கம்பியின் பக்கமும் தராசு சாயும். ஜிப்ரலினை உணராத குட்டைக் கொடி ஒன்றைப் பினோ முனியே என்ற ஒயின் ரகத்திலிருந்து பெற்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பற்றுக்கம்பி வரவேண்டிய இடங்களில் அதில் கொத்துகள் வந்ததை 2002இல் வெளியிட்டார்கள். நான் மிகவும் ரசித்த தாவரவியல் முடிவுகளில் அதுவும் ஒன்று. ஆய்வகம் வேண்டாதவர்கள் பந்தலுக்கடியில் நின்று தேடினாலே போதும்: முனையில் இரண்டு மூன்று காய்களைத் தாங்கிய பற்றுக்கம்பி, முடிவெடுக்காமல் பாதியில் நின்றதுபோல், எங்காவது தென்படும்.

ஆகவே நந்தி மலையடிவாரத்தில் எந்தக் கவாத்தும் வீணாகவில்லை. ஏப்ரலில் வெட்டியபின் வரும் தளிர்கள் கோடை வெயிலில் வளர, அவற்றின் கண்களுக்குள் கொத்து உருவாகிறது. அக்டோபரில் வெட்டும்போது அது வெளியே வந்து, வறண்ட மாதங்களில் பூத்து, பிப்ரவரி, மார்ச்சில் பழுக்கிறது. ஏப்ரல் வெட்டிலேயே பழம் எடுக்க முயன்றால் பிஞ்சும் காயும் பருவமழையில் சிக்கி, அடிச்சாம்பல் நோய்க்கு இரையாகும்.

கம்பத்திலோ தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை வாசகரின் குமுளிப் பக்க மலையே வாங்கிக்கொள்கிறது. வெயில் பள்ளத்தாக்குக்கு, தண்ணீர் 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து. எனவே 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையில், இந்தப் போகத்துக் கொத்தைத் தாங்கும் தளிரே அடுத்த போகத்துக் கொத்தையும் தன் கண்களில் உருவாக்கிக்கொள்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் சந்தையில் பழம் தீர்வதில்லை.

கவாத்துக்கு நல்ல நாள் பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அதற்கு முன் சில கண்களைப் பிளந்து பார்த்து, எத்தனையாவது கண்ணில் கொத்து இருக்கிறதோ அதற்குமேல் வெட்டச் சொல்ல ஒரு நுண்ணோக்கியும் பழகிய ஆளும் ஊருக்கு ஊர் வேண்டும். இதற்கு அரசு ஒதுக்கவேண்டிய தொகை பெரிதல்ல.