தள்ளுவண்டி உணவுக் கடை: கைச்சுத்த விதிகளும் கைக்காசு பறிபோகும் இடங்களும்

காசிமேட்டில் மீன் வறுப்பவரோ, கடற்கரை ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் போடுபவரோ, தண்டையார்பேட்டையில் இட்லி விற்கும் அக்காவோ, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லோருக்கும் வேண்டும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளும் அப்படிச் சொல்கின்றன. பின்னணி இவ்வளவு போதும்.

பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்று இருந்தது. நடமாடும் வியாபாரிகளுக்கு அதையும் 2024 செப்டம்பர் 28 முதல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆனால் உணவுப் பதிவுக்கான அரசு இணையதளமான ஃபாஸ்கோஸில் தொழில் வகையாக 'ஹாக்கர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு வேறு வகையைப் போட்டுவிட்டால் சலுகை போய்விடும். இந்த இலவசப் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் பிடுங்குகிற தரகர்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிகிறது. உங்கள் செல்பேசி எண்ணையே கொடுங்கள். அவர்கள் எண்ணைப் போட்டால் ஓடிபி அங்கேதான் போகும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி அவர்களிடம்தான் நிற்க வேண்டும். கைக்கு வரும் சான்றிதழில் 14 இலக்க எண் இருக்கிறதா, பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

"நாளைக்கு வாங்க" என்று இழுத்தடித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்க வேண்டும். 2011 விதி இது. வாய்வார்த்தையாக "முடியாது" என்றால், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அதிகம் பணம் போகும் இடம் மருத்துவச் சான்றிதழ். உணவைக் கையாள்பவருக்கு உடல், கண், தோல் பரிசோதனையும், டைபாய்டு போன்ற குடல் நோய்களுக்கான தடுப்பூசியும் படிவத்தில் உண்டு. ரத்தப் பரிசோதனை? பரிசோதிக்கும் டாக்டருக்குத் தொற்றுநோய்ச் சந்தேகம் வந்தால், அதை உறுதிசெய்ய மட்டும்தான். 'ஃபுல் பேக்கேஜ்' எடுத்தால்தான் கையெழுத்து என்று லேபில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுபெற்ற டாக்டரின் கையெழுத்து போதும். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

விதி உண்மையில் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பும் கழிவறை போய்வந்த பின்பும் சோப்பால் கை கழுவ வேண்டும். சமைக்கும் இடத்தில் வெற்றிலை, புகை, எச்சில் கூடாது. தலையைச் சொறிந்த கையால் மாவைத் தொடக் கூடாது. மீன் நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு அதே கையால் மசாலா தடவுவார்கள். துணி ஊறி, சாறும் ரத்தமும் மீனில் இறங்கும். நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஆறும்வரை மசாலாவை வேறொருவர் தடவட்டும். காசு வாங்கிய கையோடு தோசை எடுத்து வைக்காதீர்கள். முடிந்தால் கல்லாவுக்குத் தனி ஆள்.

கழிவறை போய்வந்து கை கழுவச் சொல்கிறது விதி. ராத்திரி பதினொரு மணிவரை கடை நடத்தும் பெண்ணுக்குத் திறந்திருக்கும் கழிவறை எந்தத் தெருவில் இருக்கிறது என்று எந்த அதிகாரியாவது காட்டியிருக்கிறாரா? அது வரும்வரை காத்திருக்க வழியில்லை. குழாய் வைத்த கேன் ஒன்றைக் கை கழுவ மட்டும் தனியாக வையுங்கள். பாத்திரம் கழுவும் வாளியில் கை நனைப்பது கழுவுவதாகாது.

சுத்தக்குறைவுக்குச் சட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. அதை ஆய்வுக்கு வந்தவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வசூலிக்க முடியாது. விசாரித்து விதிக்க வேறு அதிகாரி இருக்கிறார். யார் பணம் கேட்டாலும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பலர் ஏமாறுவது இன்னொன்றில். உணவுப் பதிவு இருந்தால் வண்டியை யாரும் எடுக்க முடியாது என்று நம்புகிறார்கள். அது தவறு. வண்டி நிறுத்தும் உரிமை 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, மாநகராட்சி கணக்கெடுத்துத் தரும் விற்பனைச் சான்றிதழில் இருக்கிறது. இரண்டும் தனித்தனி. பொருட்களைத் தூக்கிப் போனால் கையெழுத்திட்ட பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால் கெட்டுப்போகும் உணவை அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலைநாட்களுக்குள். பட்டியல் கையில் இல்லாவிட்டால் எதைக் கேட்டாலும் "அப்படி ஒன்றும் வரவில்லை" என்பார்கள்.