ஸ்டென்சில்: துளையச்சா, வெட்டச்சா?

ஸ்டென்சில் என்பது துளையிட்ட தகடு, அவ்வளவுதான். தாள், பிளாஸ்டிக், தகரம் எதுவானாலும் சரி, வேண்டிய வடிவத்தை அதிலிருந்து வெட்டி எடுத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் தகட்டைச் சுவரிலோ துணியிலோ வைத்து மேலே சாயம் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் இறங்கும். சாக்கு மூட்டையில் ஆலையின் பெயரும் ரயில் வேகனில் எண்ணும் இப்படி விழுபவைதான். எழுத்துகளின் கோடு ஆங்காங்கே அறுபட்டுத் தெரிந்தால் அது ஸ்டென்சில் வேலை என்று கண்டுகொள்ளலாம். ஏன் அறுபடுகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘சின்டில்லா’ என்றால் தீப்பொறி. அது பழைய பிரெஞ்சில் உருமாறி, பளபளப்பாக அலங்கரிப்பதைக் குறிக்கும் வினையாயிற்று. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்த வினைக்குப் பளிச்சென்ற நிறங்களால் அழகுபடுத்துவது என்று பொருள். துளையிட்ட தகட்டுக்கே அந்தப் பெயர் வந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். நாம் ஜிகினா என்கிறோமே, அதற்கான ஆங்கிலச் சொல்லான ‘டின்சல்’ என்பதும் இதே வேரில் முளைத்ததுதான். தமிழில் பொறி என்றால் தீப்பொறியும் உண்டு, இயந்திரமும் உண்டு. லேசர் வைத்து ஸ்டென்சில் வெட்டுகிறவருக்கு இரண்டு பொறியும் ஒரே மேசையில் கிடைத்துவிடுகின்றன.

தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒரு தலைமுறைக்கே ஸ்டென்சில் என்றால், நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்துக்கான மெழுகுத்தாள்தான். எடிசன் 1876இல் மின்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அது தாளில் வரிசையாக நுண்துளைகளைப் போட்டது. அடுத்த சில ஆண்டுகளில் லண்டனில் டேவிட் கெஸ்டட்னர் பல்சக்கரம் வைத்த எழுத்தாணியைக் கொண்டுவந்தார். சைக்ளோஸ்டைல் என்ற பெயரில் இருக்கும் ‘சைக்ளோ’ அந்தச் சக்கரம்தான். அப்புறம் தட்டச்சு வந்தது. ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாள்மேல் தட்டினால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகி மை கசிய வழி கிடைக்கும். இதற்கு ‘ஸ்டென்சில் வெட்டுவது’ என்றே பெயர், கத்தியே கிடையாது என்றாலும். ஆங்கில ‘ஓ’வைக் கொஞ்சம் அழுத்தித் தட்டிவிட்டால் நடுவட்டம் கழன்று விழுந்து, அச்சில் ஒரு கரிய பொட்டு வரும்.

இனி தமிழ்ச் சொல். மெழுகுத்தாள் அந்த ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும். பிளாஸ்டிக் தகட்டை அப்படிச் சொல்ல முடியாது. அச்சுத்தகடு என்றால் அச்சகத்து பிளேட் நினைவுக்கு வரும். வார்ப்புரு என்பது டெம்பிளேட்டுக்கு நிலைத்துவிட்டது. வெட்டச்சு என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அது செய்முறைக்குத்தான் பெயர் வைக்கிறது, பொருளுக்கு வைக்கவில்லை. என் தேர்வு துளையச்சு. கத்தியால் வெட்டினாலும் லேசரால் எரித்தாலும் தட்டச்சால் தட்டினாலும் கடைசியில் வேலை செய்வது துளைதான். மக்கள் வழக்கில் ‘கோல அச்சு’, ‘கோலத்தட்டு’ என்ற சொற்கள் ஏற்கெனவே இருப்பதால் துளையச்சு அந்நியமாகவும் ஒலிக்காது. மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதியில் நடந்தால் சல்லடைக்கண் போட்ட அந்தத் தட்டுகள் தெருவோரம் அடுக்கியிருக்கும். பொடியைக் கொட்டித் தட்டினால் புள்ளி புள்ளியாகக் கோலம் இறங்கும். வடக்கே மதுரா பக்கத்து சாஞ்ஜி கலையில் கத்தரிக்கோலால் காகிதத்தை நுணுக்கி வெட்டி, அதன்மேல் வண்ணப்பொடி தூவுகிறார்கள். அதுவும் துளையச்சுதான்.

கத்தியா, லேசரா, எந்த இயந்திரத்தால் வெட்டுவது என்ற கேள்வியிலும் துளையைப் பார்த்தே முடிவு செய்யலாம். நம் ஊரில் கத்தி இயந்திரம் இருக்கும் இடம் ஸ்டிக்கர் கடை. ‘ரேடியம் கட்டிங்’ என்று பலகை இருக்கும், உள்ளே ரேடியம் துளியும் இருக்காது. அங்கே ஓடுவது கட்டிங் பிளாட்டர். அதில் இருப்பது சுழலும் மோட்டார் கத்தி இல்லை. சூட்கேஸ் சக்கரம் இழுக்கிற திசைக்குத் திரும்பிக்கொள்வதுபோல், இழுபடும் திசைக்குத் தானே திரும்பும் சிறு முனை. நீண்ட கோடு, பெரிய வளைவு, பெயர்ப்பலகை எழுத்து எல்லாம் இதில் அழகாக வரும். விளிம்பு உருகாது, புகை கிடையாது. ஆனால் 2 மில்லிமீட்டர் வட்டம் போடச் சொன்னால் கத்திக்குத் திரும்ப இடம் போதாது. வட்டம் கோணலாகும், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல் உள்துண்டு ஒரு நூலில் தொங்கும். அதை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான புள்ளிகள் உள்ள கோலத்தட்டுக்கு இது ஆகிற காரியமில்லை.

அங்கே லேசர்தான். அதற்குத் தமிழில் சீரொளி என்று நல்ல சொல் இருக்கிறது. அலைகள் ஒரே சீராகச் செல்லும் ஒளி என்பதைச் சரியாகச் சொல்கிறது. கடையில் லேசர் என்றே கேளுங்கள். பிளாஸ்டிக் வெட்ட உதவுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். இதன் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு. கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கூட அதை உறிஞ்சிச் சூடாகிவிடும். வீட்டுக்கு வாங்கும் நீல டயோடு லேசரோ தெளிந்த பிளாஸ்டிக் வழியே பெரும்பாலும் வெளியேறிவிடும், பிளாஸ்டிக் தாள் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்குபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது.

லேசருக்கும் குறை உண்டு. கதிர் தன் தடிமனுக்கு, சுமார் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை, பொருளைத் தின்றுவிடும்; வரைபடத்தில் அதற்கு இடம் விட வேண்டும். பாலியெஸ்டர் தாளில் விளிம்பு உருகி மெல்லிய மேடாக உறையும். தகட்டை வைக்கும்போது மேடு மேல்பக்கம் இருக்கட்டும். சுவரோடு ஒட்டினால் இடுக்கில் சாயம் கசியும். மெல்லிய தாளில் நெருக்கமாகத் துளை போட்டால் சூட்டில் நெளிந்தும் போகும்.

தாள் எது என்பதும் முக்கியம். ஸ்டென்சிலுக்கு ஏற்றது பாலியெஸ்டர். மைலார் என்ற வணிகப் பெயரில் பலர் அறிந்திருப்பார்கள். 125 மைக்ரானிலிருந்து 250 மைக்ரான் வரை தடிமன் உள்ளவை (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) நன்றாக உழைக்கும். மெல்லியதைக் கத்தி ஒரே ஓட்டத்தில் வெட்டும். 250 மைக்ரானுக்கு 60 பாகை முனையும் இரண்டு மூன்று ஓட்டமும் வேண்டியிருக்கும். அக்ரிலிக் லேசரில் பளிங்குபோல் வெட்டுப்படும், ஆனால் வளையாது, மெல்லியதாக இருந்தால் உடையும்.

இப்போது அந்த அறுபட்ட கோடு. ‘வ’ எழுத்தின் கோட்டை வெட்டி எடுத்தால் வளையத்துக்கு உள்ளே இருக்கும் துண்டும் கூடவே விழுந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு குறும்பட்டையை வெட்டாமல் விட வேண்டும். அதைப் பாலம் என்கிறார்கள், உள்துண்டைத் தீவு என்கிறார்கள். ட, ப இரண்டும் பிழைத்தன, மூடிய வளையமே இல்லை. க, ண, ன, வ எல்லாம் பாலம் கேட்கும். கத்தியில் வெட்டும்போது பாலம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இழுவிசையில் கிழியும். லேசர் எதையும் இழுப்பதில்லை, அதனால் குறுகிய பாலத்தையும் அது விட்டுவைக்கும். ஆனால் சாயம் துடைக்கும்போது அதே பாலம் அறுந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

லேசர் பக்கமே கொண்டுபோகக் கூடாத பிளாஸ்டிக் பிவிசி. ஸ்டிக்கர் வினைல், விளம்பரப் பலகைக்கான சன்போர்டு எல்லாம் அந்த இனம். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தின் இரும்பும் துருப்பிடிக்கும். அவற்றுக்குக் கத்தி மட்டும்தான். கடைக்காரருக்கே தாளின் பெயர் தெரியவில்லை என்றால், ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு செம்புக் கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அந்தப் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, பிவிசியாக இருக்கலாம். தாளை ரேடியம் கடைக்கே எடுத்துப் போய்விடலாம்.