ஜிம் பவுடரை மீன்குஞ்சுக்குப் போடாதீர்கள்

மறுபடியும் ஒரு வே புரோட்டீன் கேஸ், பாலிலிருந்து எடுக்கிற அந்த ஜிம் பவுடர்தான். நீந்தத் தொடங்கி ரெண்டு மூணு நாளான ஃபைட்டர் மீன் குஞ்சுகள், தண்ணீர் அரிசி களைந்த கழனி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் நூல் துணுக்குகளாகச் செத்த குஞ்சுகள். "டப்பாவில் 80 சதவீதம் புரோட்டீன் என்று போட்டிருந்தது சார், ஆர்டீமியாவில்கூட அவ்வளவு இல்லையே" என்கிறார் வளர்த்த தம்பி. ஆர்டீமியா என்பது குஞ்சுகளுக்கு உயிரோடு போடுகிற பொடி உப்புநீர் இறால்.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. தீவனத்தின் நைட்ரஜனை லேபில் அளந்து, 6.25ஆல் பெருக்கிப் போடுகிற எண் அது. குஞ்சின் வாய்க்குள் போகுமா, போனால் செரிக்குமா என்று அதற்கு எப்படித் தெரியும்? வே பவுடர் தண்ணீரில் கரைந்துவிடும். குஞ்சு அசைகிற துணுக்கைப் பார்த்துத்தான் கொத்தும், கரைசலைக் குடித்து வளராது. கரைந்த புரோட்டீனைத் தின்பது பாக்டீரியா, கூடவே ஆக்சிஜனும் காலி, மிஞ்சுவது அம்மோனியா. சதவீதம் ஏற ஏற, தின்னாமல் விட்டதிலிருந்து வரும் அம்மோனியாவும் ஏறும். பிஹெச் 8ஐ ஒட்டி நிற்கிற போர் தண்ணீரில் அதன் நஞ்சு இன்னும் மோசம்.

சோயா மாவுக்காரர்களுக்கும் இதேதான். பச்சை சோயாவில் புரோட்டீன் செரிமானத்தையே தடுக்கிற பொருள் இருக்கிறது, வறுத்தாலும் மெத்தியோனின் என்கிற அமினோ அமிலம் குறைவு.

குஞ்சுத் தீவனத்தில் 40 முதல் 50 சதவீதம் புரோட்டீன் இருந்தால் தாராளம். ஃபைட்டர், கௌராமி குஞ்சுகளுக்கு வாய் ரொம்பச் சின்னது. முதல் சில நாள் இன்ஃபுசோரியா என்கிற, தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள், அப்புறம் ஆர்டீமியா. கப்பி, மோலி பிறந்த அன்றே ஆர்டீமியா தின்னும், நைசாகப் பொடித்த குஞ்சுத் தீவனமும் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் மொய்னா என்கிற தண்ணீர்ப் பூச்சி. சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு அது கிடைப்பதில் கஷ்டமே இல்லை.

ஆர்டீமியா முட்டையை லிட்டருக்கு 25-30 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில், காற்றுக் குழாய் விட்டு, 28 டிகிரி சூட்டில் வைத்தால் ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும். அடியில் வெளிச்சம் காட்டி, அங்கே கூடுகிற ஆரஞ்சு நிற ஆர்டீமியாக் குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு உடனே போடுங்கள். ஓட்டோடு போட்டால் சின்ன மீன்குஞ்சுக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். மறுநாளுக்கென்று வைக்காதீர்கள், அவை தம் சத்தைத் தாமே தின்று தீர்த்துவிடும்.

டியூபிஃபெக்ஸ்? சாக்கடை ஓரத்தில் அள்ளிய புழுவைக் குஞ்சுக்குப் போட்டுவிட்டு மருந்து கேட்டு வராதீர்கள், தயவுசெய்து. அவித்த மஞ்சள் கருவில் புரோட்டீனைவிடக் கொழுப்புதான் அதிகம். வேறு வழியே இல்லாத நாளில் துணியில் கட்டிக் கடுகளவு பிழிந்துவிட்டு, சிறிது நேரத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கருவாட்டுத் தூள் வேண்டாம், உப்பும் மணலும் சிக்கடித்த எண்ணெயும்தான் அதில்.

ஆர்டீமியா முட்டை விலை அதிகம் என்பீர்கள். ஒரு டின்னை நண்பர்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்குங்கள். உடைத்ததும் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். அடுப்பங்கரை அலமாரியில் வைத்துவிட்டு, பொரியவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.