அரிவாள் செல் சோகையும் மலேரியா இருந்த மண்ணும்

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பழங்குடித் தாய் ஒருவர், பத்து மாதக் குழந்தையுடன் என்னிடம் வந்தார். குழந்தையின் இரு புறங்கைகளும் வீங்கியிருந்தன, தொட்டாலே வீறிட்டது. அதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டு முறை இரும்புச்சத்து டானிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு துளி ரத்தத்தைச் சோதனைக் கரைசலில் விட்டோம். குழாய்க்குப் பின்னால் பிடித்திருந்த அட்டையின் கறுப்புக் கோடுகள் சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைசல் கலங்கிவிட்டது. அது அரிவாள் செல் ஹீமோகுளோபினின் அடையாளம். கேரியரா (மாற்றத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றுச் சுமப்பவரா), நோயாளியா என்பதை அந்தக் குழாய் சொல்லாது என்பதால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனைக்கும் அனுப்பினோம், நோய் உறுதியானது.

"எங்க குலத்துலயே குறையாங்க டாக்டரம்மா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

குறையே இல்லை. ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற இன்னொன்று அமைவதுதான் இந்த மாற்றம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலோ பெரும்பாலும் தொல்லை இல்லை. கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு என்பதை ஆய்வாளர் ஆந்தனி ஆலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளால் காட்டினார். தலைமுறை தலைமுறையாக மலேரியா பிள்ளைகளைக் கொண்டுபோன ஊர்களில் இந்த மரபணுவைச் சுமந்தவர்கள் பிழைத்தார்கள். ஆகவேதான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா, சவூதி அரேபியா, கிரேக்கத்தின் சில பகுதிகள், குஜராத் முதல் ஒடிசா வரையிலான நிலப்பட்டை, நம் நீலகிரி, வயநாடு, அட்டப்பாடி என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாததுபோல் தோன்றும் இடங்களில் இது மிகுந்திருக்கிறது. நீலகிரி மக்களிடம் இது இருப்பது 1952இலேயே பதிவாகிவிட்டது.

இதைப் 'பழங்குடியினர் நோய்' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்தப் பெயரால் பழங்குடியினர் அவமானப்படுகிறார்கள். அதே மண்ணில் வாழும் மற்றவர்களுக்குப் பரிசோதனையே நடப்பதில்லை. மத்திய இந்தியாவில் பழங்குடியல்லாத சமூகங்களிலும் இது பரவலாக உண்டு. இந்திய நோயாளிகள் பலருக்குக் கருக்கால ஹீமோகுளோபின் (கருவில் இருக்கும்போது உருவாகும் வகை) அதிகம் என்பதால் நோய் சற்று மிதமாக இருக்கும் என்பது உண்மைதான். அதை நம்பி மருத்துவர்கள் மெத்தனமாக இருந்துவிடக் கூடாது. குளிர்காலத்திலும் பேறுகாலத்திலும் நான் காணும் வலி மிதமானதல்ல.

கணவன், மனைவி இருவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். நாற்பது வயது வரையிலானவர்களைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2023இல் தொடங்கியிருக்கிறது. மூட்டுவலி, மஞ்சள் காமாலை, தீராத சோகை என்று வருபவரிடம் பூர்வீக ஊரைக் கேளுங்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அந்தத் தாய் அடுத்த வாரம் தன் தங்கையையும், தங்கைக்கு நிச்சயமான இளைஞரையும் அழைத்துவந்தார். ரத்தம் கொடுப்பதற்காக முதலில் சட்டைக் கையை மடித்தவர் அந்த இளைஞர்தான்.