பரதேசி: வசையாகிப் போன ஒரு வழிநடைச் சொல்

பரதேசி வடமொழிச் சொல். பர என்றால் வேறு, தேசம் என்றால் நாடு. வேற்றூரிலிருந்து வந்தவர் என்பதே நேர்ப்பொருள். அதில் வறுமையும் இல்லை, குணக்கேடும் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்துக்கு இன்றும் பரதேசி என்றுதான் பெயர். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டியது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் காசிக்குக் கிளம்புவது பரதேசிக் கோலம். அங்கே அது மங்கலச் சொல்.

இராமநாதபுரம் கரையில் இந்தச் சொல்லுக்கு வேர் ஆழம். இராமேசுவரத்துக் கடல் மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரோடு திரும்பி இராமநாதருக்கு அபிடேகம் செய்ய மாதக்கணக்கில் நடந்தவர்கள் எல்லாரும் பரதேசிகளே. அவர்களுக்காகத்தான் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள், இராமேசுவரம் போகும் சேதுச் சாலையில் சத்திரம் கட்டி, அன்னதானத்துக்கு ஊர்களை மானியமாக விட்டார்கள். சத்திரக்குடி, அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற ஊர்ப்பெயர்களில் சத்திரமும் மடமும் இன்னும் நிற்கின்றன. 1914இல் பாம்பன் பாலம் வந்தபின், வந்தவர் தீர்த்தமாடிவிட்டு ரயிலேறிவிட்டார். திரும்பிப்போக வீடில்லாதவர் மட்டும் கோயில், சத்திர மண்டபங்களிலேயே தங்கினார். சொல்லும் அவர்மேலேயே தங்கிவிட்டது என்பது எங்கள் கணிப்பு. ஆண்டி, பண்டாரம் இரண்டும் இதே வழியில் கெட்ட சொற்கள்.

எங்கிருந்து வந்தார் என்று சொன்ன சொல், எப்படிப்பட்டவர் என்று சொல்லத் தொடங்கியது. கேடு அங்கேதான். சோம்பேறி, குடிகாரர், பைத்தியம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. வீடு ஏன் போயிற்று என்ற கேள்வி எழுவதே இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே வீடிழந்தது. அதில் யாருடைய குணத்தைக் குறை சொல்வது?

அக்னி தீர்த்தக் கரையில் விடியற்காலை பாருங்கள். உர சாக்கை விரித்துப் படுத்திருப்பவரின் தலைமாட்டில் ஒரு துணிமூட்டை, அதற்குள் பாலித்தீன் உறையில் மடித்த ஆதார் நகல். உப்புக் காற்றில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கும். அதில் ஊர் இருக்கிறது, கதவெண் இருக்கிறது. இல்லாதது அந்தக் கதவுதான்.

சரியான தமிழ் எது? பழைய பொருளுக்கு அயலூரார், வழிப்போக்கர் போதும். இன்றைய நிலைக்கு வீடற்றவர் என்பதே நேரான சொல்; இல்லாததை மட்டும் சொல்கிறது, ஆளை எடை போடவில்லை. ஏதிலி என்று சிலர் எழுதுகிறார்கள். குறளில் ஏதிலார் என்றால் அயலார். இன்று ஏதிலி, அகதிக்கு ஈடாகப் புழங்குகிறது. மண்டபம் என்ற ஊரின் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர் அகதி, அவருக்குக் கூரை உண்டு. இரண்டையும் கலக்கக் கூடாது. பிச்சைக்காரர் என்பதும் பொருந்தாது: மீன் இறக்கியும் பாத்திரம் கழுவியும் பிழைத்துக்கொண்டே தெருவில் படுப்பவர் உண்டு. தற்காலிகமாக ஒதுங்கும் இடத்துக்குத் துச்சில் என்று குறளிலேயே ஒரு சொல் இருக்கிறது. ஆனால் பலகையில் எழுத, யாருக்கும் புரியும் 'தங்குமிடம்' நல்லது.

சொல் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நடைபாதை, கோயில், மண்டபம், ரயில் நடைமேடை ஆகிய இடங்களில் திறந்தவெளியில் வாழ்வோரை வீடற்றவர் என்றே வரையறுத்து, பிப்ரவரி 28 இரவில் எண்ணியது. 2024 வரை நடந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் விதி, ஒரு லட்சம் நகரவாசிகளுக்கு 100 பேர் தங்கும் இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று இருந்தது. ஆனால் இராமேசுவரம் நகராட்சியில் 2011இல் 50,000 பேர்கூட இல்லை. யாத்திரைத் தலத்துத் தெருவில் படுப்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். உள்ளூர்த் தலைக்கணக்கை வைத்துப் போட்ட விதி அவரை எட்டாது.

மனநலம் குன்றி அலைபவரைப் 'பைத்தியம்' என்று பேருந்தில் ஏற்றி அனுப்புவதும் தவறு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி காவல்துறை அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்றும் தேவையில்லை. பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6இல் படுக்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். ஒரு இரவு போதாது, மறுபடியும் வருவார். இடையில் யாராவது 'பரதேசி, எந்திரிச்சுப் போ' என்று விரட்டிவிட்டால், அடுத்த முறை வரும்போது அங்கே சாக்குகூட இருக்காது.