நிலக்கீல் பிணைத்த மணல்

சாலைப் பொறியியலில் ‘அஸ்பால்ட் ஸ்டெபிலைஸ்டு சாண்ட் பேஸ்’ என்றொரு தொடர் உண்டு. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி. நல்ல ஜல்லி கிடைக்காத இடத்தில், அங்கேயே அள்ளிய மணலோடு கருப்புப் பசையைக் கலந்து, உருளையால் இறுக்கிச் சாலையின் அடித்தளமாக இடுவது. கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு அன்று. அதன் கீழே சுமை தாங்கும் அடுக்கு.

அஸ்பால்ட், கிரேக்க ‘அஸ்பால்டோஸ்’ வழி வந்தது. சாக்கடலில் இந்தப் பொருள் மிதந்து கரையொதுங்கும். அதனால் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களில் அந்தக் கடலுக்கே அஸ்பால்ட் ஏரி என்று பெயர். அமெரிக்கர்களுக்கு அஸ்பால்ட் என்றால் பசை. பிரிட்டனிலும் இந்தியாவிலும் பசைக்குப் பெயர் பிட்டுமன். அதோடு ஜல்லியும் மணலும் சேர்ந்த கலவைதான் அங்கே அஸ்பால்ட். அமெரிக்கக் கையேட்டை மொழிபெயர்ப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

நாம் தார் என்கிறோம். அது ஆங்கில ‘டார்’. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கினால் வடிவதுதான் உண்மையான தார். இன்றைய சாலைக்கு வருவதோ கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் அடியில் தங்குவது. பேச்சில் தார் ரோடு இருந்துவிட்டுப் போகட்டும், பாடநூலில் நிலக்கீல் என்பதே சரி. கீல், மரக்கலங்களுக்குப் பூசிய பிசினுக்கான பழைய பெயர். மலையாளத்திலும் கீல், பாரசீகத்தில் கீர் அல்லது கீல். கப்பலோடு வந்த சொல்லாக இருக்கலாம். வந்து நெடுங்காலமாயிற்று, நம்முடையதுதான்.

‘ஸ்டெபிலைஸ்டு’ என்பதைப் பலர் ‘நிலைப்படுத்திய’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. மணலுக்கு உராய்வு உண்டு, ஒட்டு கிடையாது. நிலக்கீல் அந்த ஒட்டைத் தருகிறது, நீர் புகுவதையும் குறைக்கிறது. ஆகவே ‘பிணைத்த’ என்பதே நடப்பதைச் சொல்கிறது.

பிணைப்பதுதான் கடினம். குளிர்ந்த ஈரமணலில் கெட்டியான நிலக்கீல் பரவாது, உருண்டையாகத் திரளும். மணலைச் சூடாக்கலாம், அல்லது நிலக்கீலை மண்ணெண்ணெய் போன்றவற்றால் இளக்கலாம், நுண்துளிகளாக நீரோடு கலந்து பால்மமாக்கலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் லாடிஸ் சான்யி 1956இல் வேறு வழி கண்டார்: சூடான நிலக்கீலுக்குள் நீராவியைச் செலுத்தி நுரைக்கவைத்தார். பல மடங்கு பொங்கிய நுரை, ஈரமணலிலும் கலந்தது. 1968இல் உரிமையை வாங்கிய மொபில் ஆயிலின் ஆஸ்திரேலியக் கிளை, நீராவிக்குப் பதில் குளிர்ந்த நீரையே செலுத்தி வேலையை எளிதாக்கியது.

எந்த மணலும் ஆகும் என்றில்லை. ஒரே அளவு மணிகள் கொண்ட மணல்மேட்டு மணலில் இடைவெளி அதிகம். கல்தூள் சேர்த்தால்தான் இறுகும். களிமண் மிகுந்தால் நிலக்கீலை விட்டுச் சுண்ணாம்புக்குப் போவார்கள். அதைச் ‘சுண்ணாம்பு பிணைத்த மண்’ என்று இதே வாய்பாட்டில் எழுதலாம்.