காட்டியது 2.4 மீட்டர், இருந்தது 48 மீட்டர்

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். வெடிப்புக்குக் கால் மணி நேரம் முன்பு, பகல் 1.04 மணிக்கு, வடிப்புக் கோபுரத்தின் (எண்ணெய்த் திரவத்தைச் சூடேற்றிப் பிரிக்கும் உயரமான கலன்) அடியில் திரவ மட்டம் 2.4 மீட்டர் என்று கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டியது. பின்னால் விசாரணையாளர்கள் கணக்கிட்டபோது அந்த நேரத்தில் திரவம் 48 மீட்டர் உயரத்துக்கு நின்றது தெரிந்தது. கோபுரத்தின் மொத்த உயரமே 50 மீட்டர் சொச்சம்தான். சிதறிக் கிடக்கும் தரவுகளை இணைத்து இப்படிப்பட்ட ஆபத்தை முன்கூட்டியே பிடிப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

இவ்வளவு பெரிய பொய்யை ஒரு கருவி எப்படிச் சொன்னது? அது மிதப்பு விசையை வைத்து அளக்கும் வகை. உள்ளே தொங்கும் உருளை எவ்வளவு மூழ்குகிறதோ அதற்கேற்ப அதன் எடை குறையும். அந்தக் குறைவைத்தான் மட்டமாக மாற்றிச் சொல்லும். கோபுரத்தின் அடியிலிருந்து சற்று மேலே தொடங்கும் ஒன்றரை மீட்டர் வீச்சுக்குள் மட்டுமே அதற்குப் பார்வை. உருளை முழுதாக மூழ்கியபின் மட்டம் எவ்வளவு ஏறினாலும் மிதப்பு விசை மாறாது. திரவத்தின் அடர்த்தி மட்டுமே அதை மாற்றும். அன்று உலையில் திரவத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். சூடேற அடர்த்தி குறைந்தது, கூடவே திரையில் காட்டிய மட்டமும் அந்த வீச்சின் 97 சதவீதத்திலிருந்து 78 சதவீதத்துக்கு மெல்ல இறங்கியது. உள்ளே நிரம்பிக்கொண்டிருந்த கோபுரம், திரையில் வடிந்துகொண்டிருந்தது.

முதல் உயர்மட்ட அலாரம் அடித்தது. தனிக் கம்பியில் இணைந்த இரண்டாவது அலாரம் அடிக்கவே இல்லை. நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கண்ணாடிக் குழாய் அழுக்கேறி, எதுவும் தெரியாமல் இருந்தது.

ஆனால் உண்மையைக் கண்டுபிடிக்கப் புதிய கருவி எதுவும் தேவைப்பட்டிருக்காது. கோபுரத்துக்குள் நாளொன்றுக்கு 20,000 பீப்பாய் வீதம், அதாவது மணிக்குச் சுமார் 132 கன மீட்டர், திரவம் போனது. அடியிலிருந்து வெளியேறும் வால்வு ஏறக்குறைய மூன்று மணி நேரம் மூடியிருந்தது. கோபுரத்தின் விட்டம் 3.8 மீட்டர், குறுக்குப் பரப்பு 11.3 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் மட்டம் மணிக்கு 11 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வெளியேறும் குழாயில் கொஞ்சம் ஓட்டம் இருப்பதாக அளவி தவறாகக் காட்டியதை அப்படியே நம்பினாலும் இந்தக் கணக்கு தேறும். உள்வரவு ஒரு திரையில் இருந்தது, வெளியேற்றம் வேறொரு திரையில். இரண்டையும் கழித்துச் சொல்லும் வரி எங்கும் இல்லை.

தொழிற்சாலை ஆபத்தைத் தரவுகளை இணைத்துக் கையாள்வது என்றால் பெரும்பாலும் இந்தக் கழித்தல்தான். செயற்கை நுண்ணறிவு பிறகு வரட்டும்.

இந்தக் கழித்தலிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓட்ட அளவி 1 சதவீதம் பிசகினாலே இதே கோபுரத்தில் மணிக்கு 12 சென்டிமீட்டர் போலி மட்டம் சேரும்; எட்டு மணி நேர ஷிஃப்டில் அது ஒரு மீட்டரை நெருங்கிவிடும். அதனால் கூட்டுத்தொகையை நாள்கணக்கில் ஓடவிடாமல் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் பிசகு 2 சென்டிமீட்டர்தான், உண்மையான ஏற்றமோ ஏறக்குறைய 2 மீட்டர். கணக்குக்கும் கருவிக்கும் அரை மீட்டர் இடைவெளி வந்தால் எச்சரி என்று வைத்தால் வீண் அலாரமும் வராது, உண்மையானது தப்பவும் தப்பாது.

அடுத்தது, வேறு வேறு இடத்தில் கிடக்கும் பதிவுகளைச் சேர்ப்பது. ஒரே மட்ட அளவிக்குக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு பெயர், பராமரிப்பு மென்பொருளில் வேறொரு எண், ஆய்வு அறிக்கையில் 'கோபுரத்தின் கீழ் அளவி' என்று வெறும் விவரணை. இவற்றை ஒரே கருவியின் கீழ்ப் பொருத்தும் அட்டவணையைக் கையால்தான் போட வேண்டும். மொத்த வேலையில் பெரும்பங்கை இதுவே தின்றுவிடும். நேரமும் பொருந்தாது. அலாரம் விநாடிக் கணக்கில் பதிவாகும், ஒர்க் ஆர்டரில் (பராமரிப்பு வேலைச் சீட்டு) தேதி மட்டும் இருக்கும், வேலை பெர்மிட்டில் (வேலை தொடங்க எழுத்தில் தரும் அனுமதி) இருப்பது கையெழுத்துப் போட்ட நேரம். ஆள் வேலையில் இறங்கிய நேரம் அல்ல. இடத்தை மிச்சப்படுத்த, மதிப்பு மாறாதவரை புதிய புள்ளியைச் சேமிக்காத தரவுக் கிடங்குகள் உண்டு. அவற்றில் ஒரு நேர்கோடு தெரிந்தால் மட்டம் நிலையாக இருக்கிறது என்றும் கொள்ளலாம், கருவி செத்துவிட்டது என்றும் கொள்ளலாம். ஒவ்வொரு மதிப்பையும் நம்பலாமா என்று சொல்லும் தரக்குறியீட்டையும் சேர்த்து இழுத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு மணி நேரச் சராசரியாக இழுத்தால் நான்கு நிமிட உச்சம் மறைந்தே போகும்.

இப்படிச் சேர்த்தபின் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கோபுரத்தைக் காக்கும் அரண்களில் இப்போது எத்தனை உயிரோடு இருக்கின்றன? சராசரியாக 20 ஆண்டுக்கு ஒருமுறை வெளியில் தெரியாமல் பழுதாகும் மட்ட ஸ்விட்ச் (மட்டம் எல்லை தாண்டினால் அலாரம் அடிக்கச் செய்யும் கருவி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் சோதித்தால், தேவைப்படும்போது அது கைவிடும் வாய்ப்பு சராசரியாக 2.5 சதவீதம். சோதனையை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று தள்ளினால் 7.5 சதவீதம். தாமதமான சோதனை, திறந்து கிடக்கும் பழுதுச் சீட்டு, அணைத்து வைத்த அலாரம் ஆகியவை தனித்தனிப் பட்டியலில் இருக்கும்வரை சில்லறை விஷயங்கள். மூன்றும் ஒரே கோபுரத்தின் மேல் விழுந்தால் ஸ்டார்ட்-அப்பை (நின்ற ஆலையை மறுபடி ஓடத் தொடங்குவதை) நிறுத்த அதுவே போதும். டெக்சஸ் சிட்டியில் சில கருவிகளின் பழுது, ஸ்டார்ட்-அப் தொடங்கும் முன்பே தெரிந்திருந்தது. இறந்தவர்கள் இருந்த தற்காலிக அலுவலக வண்டிகளோ, கோபுரம் நிரம்பி வழிந்த திரவம் ஆவியோடு வெளியே பீறிட்ட இடத்துக்கு 37 மீட்டர் அருகில் நின்றன. அங்கிருந்தவர்களுக்கு ஸ்டார்ட்-அப் நடப்பதை யாரும் சொல்லவில்லை. ஆள் எங்கே இருக்கிறார் என்பதும் இணைக்க வேண்டிய தரவுதான்.

இயந்திரக் கற்றலை நம்பி இறங்குபவர்கள் வழக்கமாக இடறுவதும் ஸ்டார்ட்-அப்பில்தான். கணினி மாதிரியைப் பழைய தரவில் பழக்கும்போது சீராக ஓடிய மாதங்களை வைத்துக்கொண்டு, தொடக்கம், நிறுத்தம் நடந்த மணிநேரங்களை 'இரைச்சல்' என்று வெட்டி எறிந்துவிடுகிறார்கள். இது எனக்கு விளங்காத வழக்கம். அந்தக் கோபுரத்தின் முந்தைய ஐந்தாண்டு ஸ்டார்ட்-அப்களில் பெரும்பாலானவற்றில் மட்டம் அளவியின் வீச்சைத் தாண்டியிருந்தது, பதிவும் இருந்தது. வெட்டி எறியும் பகுதியில்தான் பாடம் முழுக்க இருந்தது.

எதை எண்ணுகிறோம் என்பதிலும் கோளாறு வரலாம். இந்த வெடிப்புக்குப் பின் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த குழு 2007 ஜனவரியில் தந்த அறிக்கை, வழுக்கி விழுதல் போன்ற தனிமனிதக் காய எண்ணிக்கை குறைந்ததை ஆலைப் பாதுகாப்பின் அடையாளமாக நிறுவனம் எடுத்துக்கொண்டதைக் கண்டித்தது. 2010இல் அமெரிக்க பெட்ரோலியக் கழகம் வெளியிட்ட 754ஆம் வழிகாட்டி, பெரிய கசிவு முதல் தாமதமான பராமரிப்பு வரை நான்கு அடுக்குகளாகக் கணக்கிடச் சொல்கிறது.

கடைசியில் எச்சரிக்கை ஒரு மனிதரிடம் போய்ச் சேர வேண்டும். கட்டுப்பாட்டு அறைத் திரையைக் கவனிக்கும் ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்பது தாங்கக்கூடிய அளவு; அதே பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் அதற்கு அலாரம் வெள்ளம் என்று பெயர். மட்டக் கணக்கு கருவியோடு ஒவ்வவில்லை என்று சொல்லும் அலாரத்தோடு என்ன செய்ய வேண்டும் என்பதும் திரையிலேயே வர வேண்டும்: உள்வரவை நிறுத்து, உலையின் எரிபொருளைக் குறை, வெளியேற்ற வால்வு உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார். மேலதிகாரியைக் கேட்காமலே இதைச் செய்யும் அதிகாரம் ஆபரேட்டருக்கு உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.